திராட்சைத் தோட்டத்துக்கு வான்வழி

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கும் வாசகர் ஒருவர் விசித்திரமான யோசனை கேட்டிருக்கிறார். அவரும் மூன்று ரூம்மேட்களும் ஏலகிரிக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டார்களாம். பதினாலு கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம். நால்வரில் ஒருவரின் அத்தை மகன் அமெரிக்காவில் விமானம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டு வந்திருக்கிறான். குட்டி விமானத்தில் சனிக்கிழமை கிளம்பி, நந்தி மலை அடிவாரத்தில் ஒயின் செய்யும் இடத்தைப் பார்த்து, ருசித்து, ஞாயிறு மாலை திரும்பிவிட முடியுமா? திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஜெர்மன் பையர் வருகிறார். அதற்குள் வந்தாக வேண்டும்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். இந்த ட்ரிப்பில் ஆபத்தான ஆசாமி பைலட் இல்லை, ஒயினும் இல்லை. அந்த ஜெர்மன்காரர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மேப்பை விரியுங்கள். வேலூருக்கு அப்துல்லாபுரத்தில் ஓர் ஓடுபாதை உண்டு. ஒரு காலத்தில் விமானப் பயிற்சி நடந்த இடம். பிறகு உடான் திட்டத்தில் பெயர் வந்து, வேலை நடந்து, 'அடுத்த மாசம் ப்ளேன் வருது' என்று ஊரே பல தடவை பேசியாயிற்று. பெங்களூர்ப் பக்கம் ஜக்கூரில் ஒரு குட்டி விமான நிலையம். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 165 கிலோமீட்டர். செஸ்னா 172 என்கிற ஒற்றை என்ஜின் விமானம் மணிக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் போகும். ஐம்பது நிமிஷம். ரோட்டில் போனால் 210 கிலோமீட்டர். கூடவே டோல்கேட், ஒசூர் டிராஃபிக், எலெக்ட்ரானிக் சிட்டி. ஆசை வருவது நியாயம்தான்.

வழியில் வேடிக்கைக்கும் பஞ்சமில்லை. கிளம்பியதும் முதுகுக்குப் பின்னால் அகழியோடு வேலூர் கோட்டை. இடது பக்கம் பாலாறு - அதாவது மணல். அப்புறம் குடியாத்தம். தாண்டினால் கோலார் தங்கவயல். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகும் சயனைடு மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. கடைசியில் நந்தி மலை, 1478 மீட்டர். திப்பு சுல்தான் கோடைக்கு இளைப்பாறிய இடம். 1799-ல் அவர் இறந்தபின் குடும்பத்தைக் கொண்டுவந்து அடைத்த இடம் நம் வேலூர் கோட்டை. அவர்கள் இந்த வழியை எதிர்த்திசையில் தரை மார்க்கமாக வந்தவர்கள்.

இன்னொரு விஷயம். பாலாறு பிறப்பது அந்த நந்தி மலைப் பக்கத்தில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷெட்டுகளின் கழிவு நீரைச் சுமந்து, 1996-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய் வந்த அதே பாலாறு. பிறந்த வீட்டில் திராட்சை, புகுந்த வீட்டில் குரோமியம். மேலேயிருந்து பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஐம்பது நிமிஷம்தான்.

சரி, யார் யார் போவது? நாலு நண்பர்கள், ஒரு அத்தை மகன். ஆக ஐந்து பேர். செஸ்னா 172-ல் சீட் நாலு, பைலட்டைச் சேர்த்து. ஆகவே ஒருவர் இப்போதே அவுட். மிச்சம் இருப்பவர்கள் எடை பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்ரிமோனியலில் போட்ட எடை செல்லாது, நிஜ எடை.

கணக்கு இதுதான். இந்த விமானம் கிளம்பும்போது மொத்தம் 1157 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. காலி விமானமே ஏறக்குறைய 770. மிச்சம் 385. டாங்க் நிறைய பெட்ரோல் போட்டால் சுமார் 145 கிலோ போய்விடும். பாக்கி 240 கிலோவில் மூன்று பேர், ஆளுக்கொரு பை. நாலாவது ஆளும் வேண்டுமென்றால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அங்கே போய் நிரப்ப வேண்டும். இந்த விமானம் குடிக்கும் அவ்காஸ் என்கிற விசேஷ பெட்ரோலோ எல்லா ஊரிலும் கிடைக்காது. கிளம்புமுன் சீரகச்சம்பா பிரியாணியும் கத்திரிக்காயுமாக ஒரு பிடி பிடித்தால் அதுவும் கணக்கில் சேரும். தவிர, விமானத்தில் பாத்ரூம் கிடையாது.

ஜக்கூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3000 அடி. வேலூர் 800 அடிகூட இல்லை. உயரம் கூடக் கூட, வெயில் ஏற ஏற, காற்று லேசாகும். இறக்கைக்குத் தாங்கல் குறையும், என்ஜினுக்கு மூச்சு குறையும், கிளம்ப அதிக தூரம் ஓட வேண்டும். காலையில் வேலூரில் ஜோராக எழும்பிய அதே விமானம், அதே நாலு பேரோடு, பிற்பகலில் ஜக்கூரில் தயங்கும். அதனால் எது செய்தாலும் காலையில்.

மாசம்? டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் விடியற்காலையில் மூடுபனி. ஏப்ரல், மே பிற்பகலில் இடி மழை. அக்டோபர், நவம்பரில் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி தேவலை. ஆனால் ஒற்றைப்படை வருஷங்களில் பிப்ரவரியில் எலஹங்காவில் ஏரோ இந்தியா நடக்கும். போர் விமானங்கள் சர்க்கஸ் செய்யும் வானத்தில் உங்கள் செஸ்னாவை விடமாட்டார்கள்.

மற்ற நாளிலும் சும்மா போய்விட முடியாது. அந்த வட்டாரத்தில் தேவனஹள்ளி சர்வதேச விமான நிலையம், எலஹங்கா விமானப்படைத் தளம், எச்.ஏ.எல்., ஜக்கூர் எல்லாம் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. பயணத் திட்டம் எழுதிக் கொடுத்து, ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் நம்பர் வாங்க வேண்டும். இரண்டு ஊரிலும் இறங்கி ஏற முன் அனுமதி வேண்டும். அத்தை மகனின் அமெரிக்க லைசென்ஸை இங்கே செல்லுபடியாக்க டி.ஜி.சி.ஏ. வைக்கும் பரீட்சை உண்டு. அதற்கப்புறமும் அது பிரைவேட் லைசென்ஸ்தான் என்றால் நண்பர்களிடம் காசு வாங்கிக்கொண்டு ஓட்டக்கூடாது. 'டிக்கெட்டுக்கு ஆளுக்கு இவ்வளவு' என்று வாட்ஸப் குரூப்பில் வசூலித்தால் சட்டப்படி அது டாக்ஸி.

* * *

இவ்வளவும் தாண்டி நந்தி அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொட்டபள்ளாபூர் பக்கத்தில் கன்வல் குரோவர் என்பவர் 1988-ல் ஆரம்பித்த தோட்டம் இருக்கிறது. இந்தியாவில் ஒயினா என்று சிரித்த காலத்தில் பிரான்ஸிலிருந்து திராட்சைக் கொடி கொண்டுவந்து நட்டவர். இன்று குரோவர் ஸம்பா என்ற பெயரில் நடக்கிறது. தோட்டம், பீப்பாய் எல்லாம் சுற்றிக்காட்டி, கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றி ருசி பார்க்கச் சொல்வார்கள்.

அங்கே ஆம்பூர்க்காரர்கள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. சிவப்பு ஒயின் குடித்ததும் நாக்கு வறண்டு இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு துவர்ப்பு வரும். கைடு அதை 'டானின்' என்பார். நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட தாத்தாக்களின் ஊர் இல்லையா! பட்டையில் இருக்கும் டானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது, தோல் அழுகாமல் செருப்பாகிறது. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின் உங்கள் எச்சிலின் புரதத்தைப் பிடிக்கிறது, நாக்கு வறள்கிறது. ஒரே வேலை. ஒயின் ருசிப்பது என்பது சின்ன அளவில் உங்கள் நாக்கைப் பதனிடுவது.

இதை அத்தை மகனுக்கும் விளக்கிச் சொல்லலாம், ஆனால் அவனுக்கு ஊற்றக்கூடாது. விமானம் ஓட்டுகிறவர் அதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டு மது தொட்டிருக்கக்கூடாது என்பது இந்திய விதி. ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குக் கிளம்புவதென்றால் அதிகாலை 3 மணிக்கு மேல் அவன் பச்சைத் தண்ணீர்தான். பாட்டில் வாங்கிக்கொண்டு வரலாம் என்றால் அதுவும் தகராறு. அனுமதி இல்லாமல் வெளி மாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. தவிர, பன்னிரண்டு பாட்டில் பெட்டி ஒன்று 15 கிலோ. எடைக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

* * *

இப்போது ஜெர்மன்காரர்.

ஞாயிறு பிற்பகல். மேற்கே மேகம் கட்டுகிறது. மதியச் சாப்பாட்டில் ஒரு மணி நேரம் தாமதம், போட்டோ எடுப்பதில் அரை மணி. ராத்திரியில் இப்படி ஊர்விட்டு ஊர் கண்பார்வையை நம்பிப் பறக்க இங்கே அனுமதியில்லை. சூரியன் மறைவதற்குள் இறங்கியாக வேண்டும். பைலட் வானத்தைப் பார்க்கிறான். 'வேண்டாம்டா, நாளைக்குப் போகலாம்' என்று சொல்ல வாய் வருகிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: 'மச்சான், காலைல பையர் மீட்டிங்டா. ஐம்பது நிமிஷம்தானே?'

அமெரிக்க பைலட்டுகள் இதற்கு ஒரு வியாதிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தமிழில் 'போய்ச்சேரைட்டிஸ்' என்று சொல்லலாம். நம் மொழியில் 'போய்ச் சேர்வது' என்பதற்கு இருக்கும் இன்னொரு அர்த்தமும் இங்கே கச்சிதமாகப் பொருந்தும்.

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ஜான் எஃப். கென்னடி ஜூனியர், வயது 38, மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு சொந்த விமானத்தில் நியூஜெர்சியிலிருந்து கிளம்பினார். அடுத்த நாள் சொந்தக்காரர் கல்யாணம். வழியில் ஒரு தீவில் மைத்துனியை இறக்கிவிட வேண்டும். கிளம்பியது ராத்திரி 8.38. கடலுக்கு மேல் புகைமூட்டம், நிலா வெளிச்சம் போதவில்லை, வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத இருட்டு. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி அவரிடம் இல்லை. மூன்று பேரும் கடலில் விழுந்து இறந்தார்கள். இருட்டில் திசையுணர்வு குழம்பி விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறினார் என்றது விசாரணை அறிக்கை. அந்தத் தீவின் பெயர் மார்த்தாஸ் வின்யார்ட். மார்த்தாவின் திராட்சைத் தோட்டம்.

மேகத்துக்குள் அடிவானம் தெரியாவிட்டால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். விமானம் சாய்ந்து சுழலும், உங்களுக்கோ நேராகப் போகிற மாதிரி இருக்கும். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இந்தப் பயிற்சி இல்லாத இருபது பேரைச் செயற்கையாக மேகத்துக்குள் மாட்டிவைத்துப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டை இழக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிஷத்துக்கு இரண்டு விநாடி குறைவு. பாக்கி 47 நிமிஷத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனவே ட்ரிப் பிளான் போடும்போது திரும்பி வருவதை முதலில் எழுதுங்கள். ஞாயிறு பிற்பகல் பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டை, காட்பாடி வழியாகப் போகும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள். 1964-லிருந்து ஓடுகிற வண்டி. அதற்கு எடைக் கணக்கு கிடையாது, பாத்ரூம் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் டிக்கெட்டை கேன்சல் செய்யுங்கள். சில நூறு ரூபாய் நஷ்டம். அந்த டிக்கெட் பையில் இருந்தால் பைலட்டுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல தைரியம் வரும். பின் சீட்காரருக்கும் 'ஐம்பது நிமிஷம்தானே' என்று சொல்ல வாய் வராது. முடிந்தால் ஜெர்மன்காரரைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்கள். அவர்கள் ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை உண்டு; புரிந்துகொள்வார்.

'சார், எங்களுக்கு ஏது விமானம்? நாங்கள் ஸ்விஃப்ட் டிசையரில்தான் போவோம்' என்று சிரிக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விதிகள் உங்களுக்குத்தான் அதிகம் தேவை. வானத்தில் ஓட்டுகிறவனைத் தடுக்க எத்தனையோ நம்பர், அனுமதி, பரீட்சை. ரோட்டில் சாவியைத் திருகினால் போதும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் குற்றம், முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில் என்று சட்டம் இருந்தும், ஞாயிறு ராத்திரி கிருஷ்ணகிரி ரோட்டில் 'ரெண்டு பெக்தான் மச்சான்' என்றபடி ஓட்டுகிறவர்களுக்கும் ஏதோ ஒரு திங்கட்கிழமை மீட்டிங் இருக்கிறது. கிளம்பும் முன்பே யார் ஓட்டுவது, யார் குடிக்காமல் இருப்பது என்று முடிவு செய்யுங்கள். முடிவாகவில்லை என்றால் ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள்.

ஒரு நாள் லீவுக்கு லெட்டர் எழுத ஐந்து நிமிஷம் போதும். உங்களுக்காக வேறு யாரோ லீவு லெட்டர் எழுதும்படி ஆகிவிடக் கூடாது.