பத்து சென்ட் பேய்க் கதைகள்: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பழைய பேய்க் கதைப் படப் புத்தகங்களைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

1950-ம் ஆண்டு வாக்கில் இந்தப் புத்தகங்களின் விலை பத்து சென்ட். அதாவது, ஒரு டாலரில் பத்தில் ஒரு பங்கு. மட்டமான காகிதம். பளிச்சென்ற வர்ணம். கல்லறையிலிருந்து பிணம் எழுந்து வரும். தன்னைக் கொன்றவனைப் பழி வாங்கும். சிறுவர்கள் படித்தார்கள், கை மாற்றினார்கள், கிழித்தார்கள். பெற்றோர்கள் குப்பையில் போட்டார்கள்.

மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கு இன்று கிராக்கி அதிகம். எல்லாவற்றையும் வாங்குவது சாதாரணக் குடும்பத்தவரால் ஆகாத காரியம். பொறுக்கித்தான் எடுக்கவேண்டும்.

எப்படிப் பொறுக்குவது? விலை உயர்ந்ததே முக்கியமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எந்த இதழ் இல்லாவிட்டால் இந்தப் புத்தகங்களின் வரலாற்றைச் சொல்ல முடியாதோ, அதுவே முக்கிய இதழ்.

விதையும் மரமும்

1947-ல் ஏவன் என்ற கம்பெனி "ஈரி" என்ற புத்தகத்தை வெளியிட்டது. முழுக்க முழுக்கத் திகில் கதைகளுக்கென்றே வந்த முதல் படப் புத்தகம் என்று இதைச் சொல்கிறார்கள். அப்போது அது ஒரே இதழோடு நின்றுவிட்டது.

அடுத்த ஆண்டு, 1948-ல், "அட்வென்ச்சர்ஸ் இன்டு தி அன்நோன்" வந்தது. அது நிற்கவில்லை. 1967 வரை நடந்தது. முன்னது விதை என்றால் பின்னது மரம். இரண்டுக்கும் சேகரிப்பில் இடம் உண்டு.

எண் 1 எங்கே?

இந்தத் துறையில் பெரும் புகழ் பெற்றது இ.சி. என்ற கம்பெனி. இதன் முதலாளி 1947-ல் படகு விபத்தில் இறந்தார். மகன் வில்லியம் கெய்ன்ஸ் பொறுப்பேற்றார். 1950-ல் மூன்று திகில் பத்திரிகைகளைத் தொடங்கினார்.

ஒரு வேடிக்கை! அந்த மூன்றிலும் எண் 1 கிடையாது. "கிரிப்ட் ஆஃப் டெரர்" 17-ல் தொடங்கியது. "வால்ட் ஆஃப் ஹாரர்" 12-ல் தொடங்கியது. "ஹான்ட் ஆஃப் ஃபியர்" 15-ல் தொடங்கியது.

ஏன்? புதிய பத்திரிகை என்றால் தபால் இலாகாவுக்குக் கட்டணம் கட்டவேண்டும். பழைய பத்திரிகையின் பெயரை மட்டும் மாற்றி, எண்ணைத் தொடர்ந்தால் அந்தச் செலவு மிச்சம்!

தபால் இலாகா கண்டுபிடித்துவிட்டது. "ஹான்ட் ஆஃப் ஃபியர்" 17-க்குப் பிறகு 4 என்று எண்ணை மாற்ற நேர்ந்தது. அதனால் 1950-லும் ஒரு 15 உண்டு. 1952-லும் ஒரு 15 உண்டு. எண்ணை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர் ஏமாந்து போவார். ஆண்டையும் பார்க்கவேண்டும்.

பெயரும் ஏமாற்றும். இ.சி. கதைகளைச் சொல்லும் புகழ் பெற்ற கிழவன் "கிரிப்ட் கீப்பர்" முதலில் தோன்றியது "க்ரைம் பெட்ரோல்" 15-வது இதழில். அது குற்றக் கதைப் பத்திரிகை. திகில் என்ற சொல்லே அதன் பெயரில் இல்லை.

அட்டைக்கு வந்த விசாரணை

1954-ல் புயல் வீசியது. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநோய் டாக்டர் ஒரு நூல் எழுதினார். படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றத்துக்குத் தூண்டுகின்றன என்றார். நாடு பரபரப்படைந்தது.

ஏப்ரல் 21-ந் தேதி நியூயார்க்கில் செனட் கமிட்டியின் விசாரணை நடந்தது. கெய்ன்ஸ் தாமே முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் கீஃபாவர் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஒருவன் கையில் கோடரி. மறு கையில் ஒரு பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் புத்தகத்தின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். அந்தப் பதில் அவருக்கே வினையாக முடிந்தது.

அந்த அட்டை "க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்" 22-வது இதழ். இதுவும் குற்றக் கதைதான். ஆனாலும் திகில் புத்தகங்களின் தலைவிதியை மாற்றிய இதழ் இது.

அதே ஆண்டு பதிப்பாளர்கள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டார்கள். "ஹாரர்", "டெரர்" என்ற சொற்கள் தலைப்பில் வரக்கூடாது. இரத்தக் காட்டேரியும் நடமாடும் பிணமும் கூடாது. "கிரிப்ட் ஆஃப் டெரர்" பிறகு "டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்" என்று பெயர் மாறியிருந்தது. அது 1955-ல் 46-வது இதழோடு முடிந்தது. அந்தக் கடைசி இதழும் முக்கியமானதே. பிறப்பைப் போல இறப்பும் வரலாறுதான்.

மீண்டும் எழுந்த பிணம்

புதைத்த பிணம் எழுந்து வருவது பேய்க் கதையில் வழக்கம். பேய்க் கதைப் புத்தகமும் எழுந்து வந்தது!

1964-ல் "க்ரீப்பி" பெரிய அளவுப் பத்திரிகையாக வந்தது. கட்டுப்பாடு சிறிய படப் புத்தகங்களுக்குத்தான். ஆகவே இது தப்பியது. 1971-ல் கட்டுப்பாடு தளர்ந்தது. அந்த ஆண்டு "ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்" 92-ல் "ஸ்வாம்ப் திங்" என்ற சதுப்பு நில மனிதன் பிறந்தான். 1973-ல் "டூம்ப் ஆஃப் டிராகுலா" 10-ல் "பிளேடு" வந்தான். 1998-ல் அவன் திரைப்பட நாயகனானான். படம் வரப்போகிறது என்ற செய்தி கேட்டாலே இத்தகைய இதழ்களின் விலை ஏறும். பேச்சு ஓய்ந்ததும் இறங்கும். அவசரப்படுபவர் நஷ்டப்படுவார்.

வாங்கும் முன்

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். பளபளக்கும் பிரதிக்குக் குடும்பப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா? அட்டை அதே இதழுடையதா? ஓரத்தை வெட்டிச் சீர்செய்திருக்கிறார்களா? கிழிசலுக்கு வர்ணம் பூசியிருக்கிறார்களா? இவற்றைப் பார்த்தால் போதும். பழைய இதழ்கள் பல மறுபதிப்பாகவும் வந்துள்ளன. முதல் பக்கங்களில் பொடி எழுத்தில் பதிப்பகமும் ஆண்டும் இருக்கும். அதைப் படிக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கதையைப் படித்து மகிழ்வதற்கு மறுபதிப்பே போதும்.

அந்தக் காகிதத்தில் அமிலம் உண்டு. வெயிலும் ஈரமும் பட்டால் பழுத்து, நொறுங்கி, தூளாகும். இருட்டான, உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும்.

சாட்சிகள்

பிள்ளைகளின் கையில் கோரப் படம் இருந்தால் பெற்றோர் கவலைப்படுவது இயற்கை. அதில் குற்றம் இல்லை. ஆனால் கவலை வேறு, தீர்ப்பு வேறு. தீர்ப்புக்குச் சாட்சியம் வேண்டும்.

டாக்டர் வெர்தாமின் குறிப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருந்தன. 2010-ல் அவை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. கரோல் டில்லி என்ற பேராசிரியை அவற்றைப் படித்தார். சிறுவர்கள் சொன்னதை டாக்டர் பல இடங்களில் மாற்றியும் மிகைப்படுத்தியும் எழுதியிருந்ததை 2012-ல் வெளியிட்டார். காகிதங்கள் பத்திரமாக இருந்ததால்தான் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தாவது உண்மை வெளிப்பட்டது.

பேய்ப் புத்தகங்களும் அப்படியே. அவற்றைப் பற்றிப் பிறர் சொன்னது ஏராளம். அவை தாமே சொல்வதைக் கேட்க வேண்டுமானால், அவை இருக்கவேண்டும். நூறு இதழ் சேர்த்துப் பெட்டியில் பூட்டுவதைவிட, பத்து இதழைத் தெரிந்து சேர்த்து, அடுத்த தலைமுறைக்குக் காட்டுவதே மேல்.