சுற்றி ஏறும் பாதை



கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்று வந்தவர்கள் அங்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளை எளிதில் மறக்கமாட்டார்கள். பேருந்து அவ்வாறு திரும்பித் திரும்பி ஏறிவிடும். இரயில் வண்டியால் அஃது இயலாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிமானம் மிகக் குறைவு. சமவெளியில் அதுவே பெரும் நன்மை. மலையிலோ அதுவே பெரும் இடையூறு. மேலும், ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட பெட்டிகள் சட்டென்று திரும்பமாட்டா. 1899-ஆம் ஆண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தச் சரிவிற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். பற்சட்டம் வேண்டாமெனில் பாதையை நீளமாக்கிச் சரிவைக் குறைக்கவேண்டும். நீளமாக்க இடமும் இல்லையெனில், பாதையைச் சுற்றிக் கொண்டுவந்து தன்னையே தாண்டிச் செல்லும்படி அமைக்கவேண்டும்.

இலங்கையில் பதுளைக்குச் செல்லும் பாதையில் தெமோதரை என்றோர் ஊர் உண்டு. 1924-இல் பதுளைவரை எட்டிய அப்பாதையை அமைத்தவர்களுக்கு 44 அடிக்கு ஓர் அடிக்குமேல் ஏறலாகாது என்ற விதி இருந்தது. மலைகளுக்கிடையே இருந்த உயர வேறுபாடோ அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே வண்டி தெமோதரை நிலையத்தைவிட்டுப் புறப்பட்டு, ஒரு குன்றைச் சுற்றி வந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியாகச் செல்லும்படி பாதையை வளைத்தார்கள். இதைத் திட்டமிட்டவராகச் சொல்லப்படும் பொறியாளர் டி. ஜே. விமலசுரேந்திரா, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த யோசனையைப் பெற்றார் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அது நம்மவர் தலைப்பாகை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு பாதை இதனினும் வியப்பானது. 1882-இல் திறக்கப்பட்ட அப்பாதையின் மலைக்கணவாய் 1038-இல் மறைந்த ஆயரான புனித கோத்தார்டின் பெயரைத் தாங்கியது. அதன் ஏற்றத்தில் வாசன் என்னும் சிற்றூரும், மேட்டின்மீது அவ்வூர்க் கத்தோலிக்க ஆலயமும் உள்ளன. வடக்கிலிருந்து ஏறும் வண்டியில் அமர்ந்திருப்பவருக்கு அவ்வாலயம் முதலில் தலைக்கு மேலே தெரியும். வண்டி மலைக்குள் புகுந்து வளைந்து வெளிவரும்போது ஏறத்தாழக் கண்ணுக்கு நேராகத் தெரியும். மீண்டும் ஒரு சுரங்கத்தைக் கடந்தபின் அதே ஆலயம் காலடியில் தெரியும். பயணி தான் ஏறியதை எஞ்சினின் இரைச்சலால் அறிவதில்லை. கோவிலைக் கண்டே அறிகிறான். 2016-இல் மலையடிவாரத்தில் 57 கி.மீ. நீளமுள்ள புதிய சுரங்கம் திறக்கப்பட்டபின் விரைவு வண்டிகள் பெரும்பாலும் அதன் வழியே செல்கின்றன. அவற்றில் செல்வோருக்கு நேரம் மிச்சம். வாசன் ஆலயத்தைக் காணும் பேறு இல்லை.

நிற்க. இவற்றையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது காலாப்பட்டில் ஒரு குடும்பத்தின் பொருட்டு. நம் காலாப்பட்டில் இருப்புப்பாதை கிடையாது. இரயிலைக் காணவேண்டுமெனில் புதுவை நிலையத்திற்குச் செல்லவேண்டும். அங்கிருந்து விழுப்புரத்திற்கு 1879 முதல் ஓடும் பாதையிலும் மலை என்ற பேச்சே இல்லை. ஆனால் அந்த வீட்டின் முன்னறையில் ஒரு மலைப்பாதை எழும்பிக்கொண்டிருந்தது.

பிரான்சிலிருக்கும் சித்தப்பா, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பையனுக்கு விளையாட்டு இரயிலோடு, அது சுருளாக ஏறுவதற்கான கட்டுமானப் பெட்டி ஒன்றையும் அனுப்பியிருந்தார். வில்போல் வெட்டிய பிளைவுட் துண்டுகள், உடல் முழுதும் மரையிட்ட எட்டு இரும்புக் கம்பிகள், ஒரு பை நிறைய நட்டுகள், வாஷர்கள், அவ்வளவே. பையனின் தந்தை புதுவையில் ஒரு பஞ்சாலையில் பிட்டராக இருந்தவர். ஆலை மூடப்பட்டபின் நிலையான வேலை அமையவில்லை. பதினோராம் வகுப்பு மதிப்பெண் பற்றி எழுந்த பேச்சிற்குப்பின் தந்தைக்கும் மகனுக்கும் இடையே சோறு, தண்ணீர் என்பதற்குமேல் பேச்சில்லை. ஒரு நாள் பூசை முடிந்ததும் அந்தத் தாய் என்னிடம் வந்து, “சாமி, அந்தப் பெட்டியை வித்தா டியூஷன் பணமாவது கட்டலாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்” என்றார். பார்க்காமல் எப்படிச் சொல்வது? மாலையில் சென்றேன்.

பையன் எனக்குக் கணக்கைச் சொன்னான். அவனுடைய வண்டி, மெய்யான வண்டியில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. சுருளின் ஆரம் 60 செ.மீ. எனில் ஒரு சுற்றின் நீளம் 377 செ.மீ. கீழ்ச்சுற்றில் ஓடும் வண்டி மேல்சுற்றின் பலகையில் இடிக்காதிருக்க, சுற்றுக்குச் சுற்று 10 செ.மீ. உயரம் வைத்திருக்கிறான். ஆகவே சரிவு 38 அடிக்கு ஓர் அடி. அது கோத்தார்டின் சரிவிற்கு ஏறத்தாழ ஒப்பானது! நான்கு சுற்றுகளில் 40 செ.மீ. ஏற 15 மீட்டர் தண்டவாளம் வேண்டும். இத்தனையும் கட்டில் ஒன்று கிடக்கும் இடத்திற்குள் அடங்கிவிடும். ஆரத்தைக் குறைத்தால் இடம் மிஞ்சும், ஆனால் சரிவு கூடும்; வளைவின் இறுக்கத்தால் சக்கரங்கள் தண்டவாளத்தை உரசி இழுவையும் கூடும்.

கணக்கு சரி. வண்டிதான் ஏறவில்லை. எஞ்சினை மட்டும் விட்டால் ஏறிற்று. ஆறு பெட்டிகளைக் கோத்தால் இரண்டாம் சுற்றின் ஓரிடத்தில் சக்கரம் வழுக்கி நின்றது. இரண்டு நாளில் கட்டிமுடித்த அவசரம் அங்கே தெரிந்தது. எட்டுக் கம்பிகள் என்றால், ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையே பலகை சரியாக 12.5 மி.மீ. உயரவேண்டும். அவன் கண்ணளவாக வைத்திருந்தான். ஓரிடத்தில் 20 மி.மீ. உயர்ந்திருந்தது. அந்த ஒரு முழ நீளத்தில் மட்டும் சரிவு 24 அடிக்கு ஓர் அடி ஆகிவிட்டது. சராசரி சரியாக இருந்து என்ன பயன்? வண்டி சராசரியின்மேல் ஓடுவதில்லை, தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது.

பையன் அந்த நட்டைக் குறடால் பிடித்துத் திருக முற்பட்டான். அப்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்த தந்தை, திரும்பிப் பாராமலே, “குறடு போடாதே. நட்டு முனை மழுங்கிடும். ஸ்பேனர் என் பெட்டியில இருக்கு” என்றார். பையன் ஒரு கணம் அசையாமல் நின்றான். பிறகு உள்ளே சென்று, கட்டிலுக்கடியிலிருந்து அந்தத் தகரப்பெட்டியை இழுத்து வந்தான். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அவ்விடத்தில் பங்குச் சாமியாருக்கு வேலை இல்லை.

அடுத்த வாரங்களில் நடந்ததைத் தாயே சொன்னார். தந்தை 12.5 மி.மீ. படிகளாக மரத்தில் அளவுக்கட்டைகள் சீவினார். பலகையின் குறுக்கே ரசமட்டத்தை வைத்து, உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே மட்டமா என்று ஒவ்வொரு கம்பியிலும் பார்த்தார். பலகையின் கீழ் ஒரு நட்டும் மேல் ஒரு நட்டுமாக இருப்பதால், மயிரிழை அளவும் ஏற்றி இறக்கலாம். சமதளத்திலிருந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் திடீரென்று மடங்காதபடி, முதற்கால் சுற்றில் சரிவைப் படிப்படியாகக் கூட்டினார். தண்டவாளத் துண்டுகளை வளைத்தபின் இணைத்தால் மூட்டில் கோணல் விழும் என்று, நேராக இருக்கும்போதே ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன்பின் வளைத்தார்கள். வெயிலில் உலோகம் நீளும் ஆதலால், சில மூட்டுகளை மட்டும் பற்றவைக்காமல் மெல்லிய இடைவெளியோடு விட்டார்கள். நம் கடற்காற்றுக்குப் பிளைவுட் நெளியும், கம்பி துருப்பிடிக்கும். பலகைக்கு இருபுறமும் வார்னிஷ், கம்பிக்கு எண்ணெய். மகன் தன் பங்கிற்கு ஒன்றைக் கண்டுபிடித்தான்: இலேசான பெட்டியை முன்னாலும் கனமானவற்றைப் பின்னாலும் கோத்தால், வளைவில் இழுவிசை அந்த இலேசான பெட்டியை உட்புறமாகக் கவிழ்த்துவிடுகிறது. கனமானதை எஞ்சினை அடுத்துக் கோத்தபின் கவிழ்வது நின்றது.

விற்கும்படி நான் சொல்லவில்லை. தேர்வு முடியும்வரை ஞாயிறு பூசைக்குப்பின் மட்டும் இவ்வேலை, மற்ற நாளெல்லாம் புத்தகம் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். டியூஷனுக்குத் தவணையில் கட்ட ஏற்பாடாயிற்று. பெற்றோர்களே, கையால் செய்யும் எதையும் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். அந்தப் பையனின் கணக்கு நோட்டில் வட்டத்தின் சுற்றளவு பத்துமுறை எழுதப்பட்டிருக்கலாம். அவன் அதைத் தெரிந்துகொண்டது அந்த நட்டின்முன் முழங்காலிட்டபோதுதான் என்று நான் நினைக்கிறேன். இதில் அந்நியமானது ஒன்றுமில்லை என்பதையும் சொல்லவேண்டும். மார்கழியில் நம் வீடுகளில் வைக்கோலும் மணலும் கொண்டு குடில் கட்டி, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, நவதானியம் தூவிப் பயிர் முளைக்கவைப்பவர்கள்தானே நாம்?

இப்போது மூன்று சுற்றுகள் முடிந்து ஆறு பெட்டிகளும் ஏறுகின்றன. நான்காவது சுற்று முடிந்தால் மேல்தட்டிற்கு வரலாம். அந்தத் தட்டில்தான் இவ்வாண்டுக் குடில் என்று தாய் முடிவாகக் கூறிவிட்டார். வண்டி மாட்டுத் தொழுவத்தின் எவ்வளவு அருகில் செல்லலாம் என்பதில் மட்டும் தாய்க்கும் மகனுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. தந்தை இருவருக்கும் பொதுவாக, அங்கே ஒரு வேலி போடலாம் என்கிறார்.