கோரைக் களையும் கூட்டு முயற்சியும்

அருகம்புல் தரை வளர்ப்போர் அனைவருக்கும் கோரை பழகிய பகை. வீட்டு முற்றமாயினும், சங்கக் கட்டடத்தின் முன்புறமாயினும் அது தலை நீட்டாத இடமில்லை. அதை ஒழிப்பதற்கென்று அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி வீணாகிறது என்பது நமது கருத்து.

முதலில் களையை அறிதல் வேண்டும். கோரை புல்லினத்தைச் சேர்ந்ததன்று. அதன் பூந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். உள்ளே துளையிராது, கணுவும் இராது. அருகின் தண்டிலோ கணுக்கள் உண்டு. கோரையின் இலைகள் அடியிலிருந்து மூன்று வரிசையாகக் கிளம்பும். பூங்கொத்து செம்பழுப்பாக இருக்கும். பத்தமடையில் பாயாகும் உயரமான கோரை இதன் உறவே எனினும் அது வேறு, இது வேறு.

இதன் வலிமை மண்ணுக்குள் இருக்கிறது. மெல்லிய கம்பி போன்ற வேர்த்தண்டுகளில் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்திருக்கும். பெரும்பாலானவை மேல்மண்ணின் அரை அடிக்குள் இருப்பவை. ஒரு கிழங்கு முளைத்திருக்கையில் மற்றவை உறங்கும். தழையைப் பிடுங்கிச் சங்கிலியை அறுத்துவிட்டால் உறங்கியவை விழித்து முளைக்கும். மேலாக அறுப்பது களையெடுப்பதாகாது. நடவு செய்வதே ஆகும். லீராய் ஹோம் முதலிய நால்வர் 1977-இல் வெளியிட்ட உலகக் கொடுங்களைகள் பற்றிய நூலில் கோரைக்கே முதலிடம் தரப்பட்டது.

புல்தரையில் நீர் பாய்ச்சி மண்ணை இளக்கி, கிழங்கோடு அகழ்ந்தெடுக்க வேண்டும். புதுக்கிழங்கு பிடிக்குமுன், இரண்டு மூன்று வாரத்திற்கொருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கோரை நிழல் தாங்காது; ஆகையால் புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாகவும் அடர்த்தியாகவும் வளரவிடுதல் நன்று. வெற்று நிலமாயின் கோடையுழவு செய்து கிழங்குகளை வெயிலில் உலர்த்தலாம். மருந்தை நாடுவோர் ஒன்றை மறக்கலாகாது: கிளைபோசேட் அருகையும் சேர்த்துக் கொல்லும். ஹாலோசல்ஃபியூரான் அருகை விட்டுவிட்டுக் கோரையைத் தாக்கக்கூடியது; ஆயினும் உறங்கும் கிழங்குகள் தப்பிவிடுவதால் ஒருமுறை தெளிப்பதோடு வேலை முடியாது.

இவையெல்லாம் தனி மனிதர் செய்யக்கூடியவை. ஆனால் கோரை விதையால் பரவுவது சொற்பம். கிழங்கால் பரவுவதே வழக்கம். வண்டியில் வரும் மண், மட்காத எரு, நாற்றுப் பை, இரவல் மண்வெட்டி இவற்றோடு அது வந்து சேருகிறது. ஒருவர் ஓராண்டு உழைத்துத் துப்புரவாக்கிய தரையை ஒரு வண்டி மண் கெடுத்துவிடும்.

ஆகவே சங்கங்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். சங்கத்தின் வழியாக வாங்கும் மண்ணையும் புல் பத்தைகளையும் கிளறிப் பார்த்தே ஏற்க வேண்டும். வாடகைக்கு விடும் கருவிகளைக் கழுவியே கைமாற்ற வேண்டும். களையெடுப்போர்க்குப் பரப்பளவிற்கு மட்டுமன்றி, எடுத்த கிழங்கின் எடைக்கும் கூலி சேர்த்துத் தர வேண்டும். பரப்பை மட்டும் அளந்து கூலி கொடுத்துவிட்டு, மேலாக அறுத்துப் போனார்கள் என்று அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று.

எடுத்த கிழங்கை எருக்குழியில் இடலாகாது. கழுவி உலர்த்தினால் அதுவே நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு. மழை தொடங்குமுன் அங்கத்தினர்கள் கூடி இவற்றை முடிவு செய்வார்களாக.