சுகமாக இருக்கிறீர்களா?

2018 ஆம் ஆண்டு மார்ச் 6 ஆந் திகதி. நாட்டில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்ட நாள். கண்டியில் ஊரடங்குச் சட்டம். இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கும் என் மனைவியின் தம்பி.

“அத்தான், எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? திகனையிலே கடைகள் எரிகின்றனவாமே! பள்ளிவாசலையும் விடவில்லையாம்!”

திகனை எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய பத்து மைல். அங்கே நடந்ததை ஒஹாயோவிலிருந்து ஒருவர் சொல்ல, வீட்டுக்குள் அடைபட்டிருந்த யான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. முதல்நாள் இரவு யான் செய்த காரியம் அப்படி.

அன்று என் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் பகுதியை நோக்கி ஒரு கூட்டம் வருகிறது என்பதே அதன் சாரம். அனுப்பியவர் நல்லவர், படித்தவர். அவருக்கு அனுப்பியவரும் அப்படிப்பட்டவராகவே இருந்திருப்பார். யான் ஒரு கணமும் யோசியாமல், எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களுக்கு அதனை அனுப்பிவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் எண்ணம். அவர்களோ ஊரடங்கையும் மீறி, உறங்கிய குழந்தைகளைத் தோளிற் போட்டுக்கொண்டு, உறவினர் வீட்டுக்கு இருளில் நடந்தனர். கூட்டம் எதுவும் வரவில்லை. வழியில் அவர்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என் உறக்கத்தைக் கெடுப்பதுண்டு. 1983 ஆடியில் என் தாயார் என்னை அவ்வாறே தூக்கிக்கொண்டு ஓடியவர். அதைக் கேட்டே வளர்ந்த நான் இதைச் செய்தேன்.

அந்த நாட்களில் வதந்தி எத்தனை வேகமாகப் பரவிற்று என்பதை வாசகர்கள் மறந்திரார். கண்டிக் கலவரத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர் அம்பாறையில் ஓர் உணவுக்கடையில், குழந்தை பிறவாமற் செய்யும் மாத்திரையைச் சாப்பாட்டிற் கலக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். பிறகு சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக் கட்டி! அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டாயிற்று. மார்ச் 7 ஆந் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் தடை செய்தது. ஒரு வாரத்துக்கு மேல் அத்தடை நீடித்தது. கலிபோர்னியாவில் இருக்கும் முகநூல் நிறுவனம், தன் தளம் இக்கலவரத்துக்குப் பயன்பட்டமைக்காக 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பை யான் பத்திரிகையின் உட்பக்கத்தில் ஒரு சிறு செய்தியாக வாசித்தேன். யான் மன்னிப்புக் கேட்கவேண்டிய இரு வீடுகளும் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அதற்கு எனக்கு அதைவிட அதிக காலம் பிடித்தது.

பிறகு எங்கள் முறை வந்தது. 2021 ஜனவரி 6 ஆந் திகதி வாஷிங்டனிலே பாராளுமன்றக் கட்டிடத்துக்குள் கும்பல் புகுந்ததைக் கேட்டு, மறுநாட் காலை பதறிப்போய் மைத்துனரை அழைத்தேன்.

“தம்பி, சுகமாக இருக்கிறீர்களா?”

“இருக்கிறோம் அத்தான். தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன். வாஷிங்டன் இங்கிருந்து முந்நூறு மைல்!”

அமெரிக்காவில் சமைப்பவர் ஒருவர், கழுவுபவர் மற்றவர் என்பது அவர்கள் வீட்டு ஒழுங்கு. (இதை என் மனைவி காதில் விழும்படி அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை.) தேர்தல் காலத்தில் அங்கே அவரவர் வீட்டு முற்றத்திலே தமக்கு விருப்பமான வேட்பாளரின் பெயரைப் பலகையில் எழுதி நட்டு வைப்பார்களாம். நம் நாட்டில் யாரோ இரவில் வந்து நம் மதிலில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அவருடைய அயலவர் எதிர்க்கட்சிக்காரர். பலகைகள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்தபடி நின்ற அதே வாரத்தில், புல் வெட்டும் இயந்திரம் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு இரவலாகப் போய் வந்ததாம். இதனைத் தொலைக்காட்சியில் யான் கண்டதில்லை.

ஆயினும் அவருக்கும் ஒரு குறை உண்டு. அவர் வசிக்கும் யங்ஸ்டவுனில் 1869 இல் தொடங்கிய ‘விண்டிகேற்றர்’ என்னும் பத்திரிகை, நூற்றைம்பது ஆண்டு நடந்து, 2019 ஓகஸ்டில் நின்றுபோயிற்று. அயல் நகரப் பத்திரிகை ஒன்று பெயரை வாங்கி ஒரு பதிப்பை வெளியிடுகின்றது. நிருபர்கள் பலருக்கு வேலை போயிற்று. 2005 முதல் அந்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பத்திரிகைகள் மறைந்துவிட்டன. “ஜனாதிபதி காலையில் என்ன சொன்னார் என்பது தெரியும் அத்தான். எங்கள் நகரசபை என்ன தீர்மானித்தது என்றுதான் தெரியாது” என்றார். யான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சென்ற வாரம் தலதா வீதியிலே தேநீர் அருந்தப் போயிருந்தேன். கடை முதலாளி, “சேர், டிரம்ப் வரியைக் கூட்டுகிறாராமே?” என்று தொடங்கினார். 2025 ஏப்ரலில் நம் நாட்டுப் பொருள்களுக்கு 44 சதவீதம் என்று அறிவித்ததும், ஓகஸ்டில் அது 20 ஆக இறங்கியதும் அவருக்கு மனப்பாடம். ஆடைத் தொழிற்சாலையில் அவர் மகள் வேலை செய்கிறாள், மனப்பாடமாகத்தான் இருக்கும். பேச்சுக்கிடையே எங்கள் ஒழுங்கையில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லாததைச் சொன்னேன். அருகிலிருந்த ஒருவர், குழாய் உடைந்ததாம் என்றார். மற்றவர், இல்லை, வேண்டுமென்றே மறித்திருக்கிறார்களாம் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். தொலைபேசியை எடுத்துக் காட்டினார்.

வாசிக்காமலே எழுந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில், பழைய கடனுள்ள அந்த இரு வீடுகளில் ஒன்றின் கதவைத் தட்டி, “உங்களுக்குத் தண்ணீர் வருகிறதா?” என்று கேட்டேன். அம்மையார் ஒரு வாளி நிறையக் கொடுத்தனுப்பினார்.