படத்தின் பின்பக்கம்
பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்கிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலால் எழுதிய பெயர், ஆண்டு எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். அது பதிவாகாத படம் பாதிப் படமே. கோப்பில் தானாக ஏறும் தேதி ஸ்கேன் செய்த நாளையே குறிக்கும், படம் எடுத்த நாளை அல்ல. 600 டிபிஐயில் எடுத்த மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, கீறல் நீக்குவதையும் நிறமேற்றுவதையும் நகலில் மட்டும் செய்வதே முறை. பாட்டியின் சேலைக்குச் செயற்கை நுண்ணறிவு பூசும் சிவப்பு வெறும் ஊகம். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும்போது அது வரைவது வேறு யாருடைய கண்ணாகவும் இருக்கலாம். இது சிறு விஷயமல்ல. செய்திப் படங்களிலும் கேள்வி இதுதான்: மூலம் எங்கே? மாஸ்கோ-வோல்கா கால்வாய்க் கரையில் எடுத்த ஒரு படத்தில் ஸ்டாலின் பக்கத்தில் நின்ற சோவியத் ரகசியப் போலீஸ் தலைவர் நிக்கொலாய் யெஷோவ், பின்பு பதவி இழந்து 1940இல் கொல்லப்பட்டவர். திருத்திய பிரதியில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர்தான் இருக்கிறது. அசல் பிரதி பிழைத்திருந்ததால்தான் அழிப்பு அம்பலமானது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளப் படத்தில் வெட்டு ஒட்டே இல்லாமலும் இருக்கலாம். ஊரும் ஆண்டும் மட்டும் பொய். படத்தை வைத்தே தேடும் வசதியில் அது முன்பு எங்கெல்லாம் வெளியானது என்பதைப் பெரும்பாலும் சில நிமிடங்களில் பார்த்துவிட முடியும்.