கூண்டில் வாழும் எலியும் நம் அமானிதமே

காரைக்குடியில் நாம் அறிந்த ஒரு வீட்டில், பிள்ளை ஆசையாய் வளர்த்த வெள்ளை எலிக்கு மார்புக் கட்டி வந்தது. பெண் எலிகளுக்கு இக்கட்டி பரவலாக வருவதுதான். இரையைத் தொடாமல், முதுகைக் கூனிக்கொண்டு அது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. "அத்தாவின் மூட்டுவலிக்கு வாங்கிய டிரமடாலில் பாதியைப் பொடித்துக் கொடுக்கலாமே" என்றார் ஒருவர். "கொல்லத்தக்க எலிக்கு மருந்து எதற்கு?" என்றார் மற்றொருவர். இரண்டுமே தவறு என்பது நம் கருத்து.

தீங்கு செய்யும் எலியைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆயினும் உயிரைப் போக்கும் வேளையிலும் அழகிய முறை வேண்டும், கத்தியைத் தீட்டிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பூனையை அடைத்து வைத்து, உணவளிக்காமலும் இரை தேட விடாமலும் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உள்ளானதையும் நாம் அறிவோம். எலியை வளர்க்கலாமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். கூண்டில் அடைத்துவிட்ட பின்போ அதன் பசியும் நோவும் நம் பொறுப்பு.

எலி தன் வலியை மறைக்கும் பிராணி. பாதி மூடிய கண், தட்டையாகத் தோன்றும் கன்னம், மடிந்த காது, சிலிர்த்த ரோமம், கண்ணோரம் படியும் செந்நீர் ஆகியவற்றைக் கொண்டே அதன் துன்பத்தை அறிய வேண்டும். எலியின் முகக்குறிகளைக் கொண்டு வலியை அளக்கும் முறையை ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டனர்.

அதற்காக வீட்டு மாத்திரையை எடுத்துவிடலாகாது. 300 கிராம் எலி, 60 கிலோ மனிதரின் எடையில் 200-இல் ஒரு பங்கே. அரை மாத்திரையும் அதற்கு வலிப்பையோ மூச்சுத் திணறலையோ தரக்கூடும். மாட்டுக்கு வலி தீர்த்த டைக்ளோபினாக், அம்மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளைக் கூட்டங்கூட்டமாய் அழித்தது. அதனால் 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. ஓர் உயிருக்கு மருந்தாவது மற்றோர் உயிருக்கு நஞ்சாகலாம்.

எலிகளின் கடும் வலிக்குக் கால்நடை மருத்துவர்கள் புப்ரினார்பின் என்னும் ஓபியாய்டு மருந்தை மிகச் சிறிய அளவில் ஊசியாகச் செலுத்துவதுண்டு. அதன் பின் சில எலிகள் கூண்டில் பரப்பிய தூளைத் தின்னும். அதைக் கண்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இம்மருந்து 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. டிரமடாலும் 2018-இல் அதில் சேர்க்கப்பட்டது. ஆகவே கடையில் கேட்டு வாங்கும் பொருளன்று. எலியைப் பார்க்கும் மருத்துவர் அருகில் இல்லையெனில் ஒரத்தநாடு அல்லது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

"போதை தரும் பொருள் ஹராம் அல்லவா?" எனச் சிலர் தயங்குவர். இன்பத்துக்காகப் போதையை நாடுவது வேறு. தேவையின்போது மருத்துவர் அளந்து தரும் வலிநிவாரணி வேறு. எலிக்கோ மார்க்கக் கடமை எதுவும் இல்லை, கடமை நம்முடையது. இதே தயக்கத்தால் புற்றுநோயில் துடிக்கும் பெரியவர்களுக்கும் மார்பின் மறுக்கப்படும் வீடுகள் உண்டு என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

வலியில் கிடக்கும் சிற்றுயிரை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரக்கத்தை அவர்கள் கற்பது அங்கேதான். வாயில்லா உயிர்களிடம் இரக்கம் காட்டுவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக.