அட்டெண்டர் எங்கே உட்காருவார்?



வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், குடும்பத்தில் பாதி அங்கேதான் குடியிருக்கும். ஃப்ளாஸ்க், மாற்றுத்துணி, பாய், பழைய போர்வை... நோயாளிக்குக் கட்டில் உண்டு. கூட வந்த அட்டெண்டருக்கு?

சென்னையின் பழைய ஆஸ்பத்திரிகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வி எனக்குள் எழும்.

சேப்பாக்கம் கஸ்தூரிபா மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இன்றும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். கோஷா என்றால் பர்தா. ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் பெண்கள் பிரசவத்தில் உயிரைவிட்ட காலம் ஒன்று இருந்தது. அதைப் பொறுக்காத ஆங்கிலேயப் பெண்மணி மேரி ஷார்லீப், சென்னை மருத்துவக் கல்லூரியில் தானே சேர்ந்து படித்தார். 1885-ல் பெண்களுக்கென்றே இந்த மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டுப் பெண்களின் கஷ்டம் தெரிந்து பிறந்த இடம்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை மின்சார ரயிலில் கடக்காதவர் யார்? 1928-ல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, அந்த நோய்க்கு மாத்திரையோ ஊசியோ கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு. இவைதான் சிகிச்சை. அதனால்தான் ஊருக்கு வெளியே அவ்வளவு விசாலமான இடம்.

அந்தக் காலத்து வார்டுகளின் உயரமான கூரைக்கும், எதிரெதிர் ஜன்னல்களுக்கும் காரணம் உண்டு. கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். கிருமிகளைக் கண்டுபிடித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது. ஜன்னலின் பயன் போகவில்லை. காற்றோட்டம் இருந்தால் காசநோய்க் கிருமி அறைக்குள் தேங்காது. கொரோனா நாட்களில் எல்லோருமே ஜன்னலைத் திறந்து வைத்தோம் அல்லவா?

வெயிலை மறைக்கப் போட்ட நீண்ட வராந்தாவோ, கூட வந்தவர்களுக்கு வீடாகிவிட்டது. அங்கேதான் டிபன் கேரியர் திறக்கும். பக்கத்துக் கட்டில்காரரின் அம்மா நமக்குச் சித்தி ஆவதும் அங்கேதான்.

1664-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களுக்காகத் தொடங்கி, 1772-ல் இப்போதைய இடத்துக்கு வந்த ஜி.ஹெச்.சில், அதாவது சென்னை அரசு பொது மருத்துவமனையில், இன்று அடுக்குமாடி பிளாக்குகள். அது தவறில்லை. ஐ.சி.யு.வும் ஸ்கேனும் லிஃப்டும் இத்தனை கூட்டத்துக்கு அவசியம்.

ஆனால் புதிதாக எழும் மருத்துவமனைகளில், அரசோ தனியாரோ, அந்தப் பழைய வராந்தாவைப் போல, கூட வந்தவர்களுக்காக மாடிக்கு ஒரு காற்றோட்டமான இடம் வேண்டும். கால் நீட்ட ஒரு பெஞ்ச், குடிநீர், பெண்களுக்குச் சுத்தமான டாய்லெட். கோடிகள் புரளும் கட்டடத்தில் இது பெரிய செலவா?

அப்படி ஓர் இடத்தை எந்த ஆஸ்பத்திரியிலாவது கண்டிருந்தால், பெயரோடு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்